கேளாமல் வந்த கடன்

எங்கள் வங்கி ஊழியர் நலன்புரிச் சங்கம் இந்த ஆண்டு ஒரு மலர் வெளியிடப் போகிறதாம். ஓய்வுபெற்றவர்களிடமும் கட்டுரை வாங்குகிறோம் என்று சொல்லிக்கொண்டு இரண்டு பேர் சைக்கிளில் வந்தார்கள். இருவரும் நான் வேலையை விட்ட பிறகு சேர்ந்தவர்கள்.

"இனிமையான அனுபவமா ஒண்டு எழுதித் தாங்கோ அக்கா," என்றார் ஒருவர்.

"ரெண்டு பக்கத்துக்கு மேலை போகாமல் பாருங்கோ. கடதாசி விக்கிற விலை தெரியும்தானே," என்றார் மற்றவர்.

ஓம் என்று சொல்லிவிட்டேன். மூன்றாம் நாள் ரொறன்ரோவிலிருந்து மகனின் கடிதம் வந்தது. அதை வாசித்த பிறகு இனிமையாக எழுத என்னிடம் ஒன்றும் மிஞ்சவில்லை. வந்ததை எழுதியிருக்கிறேன். இரண்டு பக்கத்துக்குள் அடங்கவும் இல்லை. சங்கம் விரும்பினால் போடட்டும்.

மகன் முரளிக்கு இருபத்து நான்கு வயது. பகலில் படிக்கிறான், மாலையில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவுகிறான். நிலக்கீழ் அறை ஒன்றில் நாலு பேர் சேர்ந்து இருக்கிறார்கள். கொழும்பு வரை தபாலிலும் அங்கிருந்து யாரோ ஒருவரின் கைப்பையிலும் பயணம் செய்து வந்த அவனுடைய கடிதத்தில், சுகம் விசாரித்த நாலு வரிக்குப் பிறகு இப்படி இருந்தது:

"அம்மா, இஞ்சை ஒரு வங்கி நான் கேளாமலே எனக்குக் கடன் அட்டை தாறன் எண்டு எழுதியிருக்கு. முன்கூட்டியே அங்கீகரிச்சிட்டினமாம். ஐயாயிரம் டொலர் வரைக்கும் எடுக்கலாம். கீழை கையெழுத்து வைச்சு அனுப்பினால் அட்டை வீட்டுக்கு வரும். பிணை ஒருத்தரும் தேவையில்லை, அதுதான் இதிலை விசேஷம். வதனியைக் கூப்பிடுற ஏஜென்சிக்காரனுக்கு முற்பணம் இதிலையே கட்டிப் போடலாம். நீங்கள் வங்கியிலை இருந்தனீங்கள்தானே. எடுக்கட்டோ, விடட்டோ? கெதியாய் எழுதுங்கோ."

வதனி என் மகள். பதினெட்டு வயது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறாள். இந்த ஊரில் பதினெட்டு வயதுப் பிள்ளையை வைத்திருக்கும் தாய்க்கு, அவளை எங்கேயாவது அனுப்பிவிட வேண்டும் என்ற எண்ணம் ஒரு நாளில் எத்தனை தரம் வரும் என்று நான் விளக்கத் தேவையில்லை. தகப்பன் இல்லாத பிள்ளைகள். ஆகவே அந்த "எடுக்கட்டோ, விடட்டோ" என் தலையில் வந்து விழுந்தது.

முதலில் வந்தது எரிச்சல்தான். இருபத்தைந்து வருடம் வங்கியில் இருந்தவளுடைய மகன், பிணை தேவையில்லை என்பதை விசேஷம் என்று எழுதுகிறான். கேளாமல் கொடுக்கிறார்களாம். கேளாமல் கொடுத்த கடன் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். நானே கொடுத்திருக்கிறேன்.

நான் வேலையில் சேர்ந்த முதல் சில வருடங்களைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. பேரேடு எழுதினேன். பிறகு அடைவுப் பகுதியில் நகை நிறுத்தேன். பிறகு சுன்னாகத்துப் பக்கம் மாற்றம் வந்து விவசாயக் கடன் மேசையில் உட்கார வைத்தார்கள். வெங்காயத் தோட்டக்காரர்கள்தான் எங்கள் வாடிக்கையாளர்கள். விதை வெங்காயம் வாங்க, உரம் வாங்க, இறைப்புக் கூலி கொடுக்க என்று வருவார்கள். வெங்காயம் கிண்டி விற்றதும் கட்டுவார்கள்.

கிளை முகாமையாளராக இருந்தவர் கைலாயபிள்ளை. மெலிந்த மனிதர். மழை இல்லாத மாதங்களிலும் குடையோடு வருவார். மற்றவர்களுக்குக் கோபம் வந்தால் குரல் ஏறும், அவருக்கு இறங்கும். அவர் மெதுவாகக் கதைக்கத் தொடங்கினால் நாங்கள் கோப்புகளுக்குள் முகத்தை வைத்துக்கொள்வோம்.

அவரிடம் ஒரு நடைமுறை இருந்தது. அது வங்கியின் எந்தக் கைநூலிலும் இல்லை. மற்றக் கிளைகளில் பிணைப் பத்திரத்தைக் கடன் கேட்டவர் கையிலேயே கொடுத்து, பிணையாளியிடம் கையெழுத்து வாங்கி வரச் சொல்வார்கள். இவர் விடமாட்டார். கடன் கேட்பவர் பிணையாளியை நேரே கூட்டிக்கொண்டு வர வேண்டும். இருவரையும் தன் அறையில் உட்கார வைப்பார். பத்திரத்தை மேசையில் விரித்து, அதன் மேல் கண்ணாடிக் குண்டை வைப்பார். கடன் கேட்பவரைப் பார்த்து ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்.

"நீங்கள் படுக்கையிலை விழுந்தால் ஆர் கட்டுறது?"

கடன் கேட்பவர் பக்கத்துக் கதிரையைக் காட்டுவார்.

"அப்ப சரி. நீங்கள் ரெண்டு பேரும் கதையுங்கோ. நான் ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வாறன்."

கதவைச் சாத்திவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு எதிரே இருந்த கடைக்குப் போய்விடுவார். சரியாகப் பத்து நிமிடம். திரும்பி வரும்போது இருவரும் இருந்தால் கையெழுத்து. சில நாட்களில் ஒருவர்தான் இருப்பார். சில நாட்களில் இரண்டு கதிரையும் வெறுமையாக இருக்க, பத்திரம் நாலாக மடிக்கப்பட்டுக் கண்ணாடிக் குண்டின் கீழ் இருக்கும். ஒருமுறை அவர் திரும்பி வந்தபோது இருவரும் கதிரை மாறி இருந்தார்கள். பிணை நிற்க வந்தவர் தனக்குத்தான் கடன் அதிகம் தேவை என்று மற்றவரைச் சம்மதிக்க வைத்துவிட்டார். முகாமையாளர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் என்னைக் கூப்பிட்டு, "மிசிஸ் நவரத்தினம், புதுப் பத்திரம் ஒண்டு கொண்டு வாரும்," என்றார்.

"ஏன் சேர், குடுக்கேலாதெண்டால் நீங்களே சொல்லலாம்தானே?" என்று நான் ஒரு நாள் கேட்டேன்.

"நான் சொன்னால் என்னோடை கோவிப்பார். கதிரை வெறுமையாய் இருந்தால் ஆரோடை கோவிக்கிறது?"

அந்தப் பத்து நிமிடத்துக்கு முன்னால் நடக்கும் வேறொன்றை நான் பிறகுதான் யோசித்தேன். பிணை கேட்பதென்றால் ஒருவர் மற்றவரின் வீட்டுக்குப் போக வேண்டும். மழை, வெங்காய விலை, யாருடையவோ அந்தியேட்டிச் சடங்கு எல்லாம் கதைத்து முடித்து, எழும்பி வாசல் படலை வரை வந்து, அங்கே நின்றுதான் கேட்க வேண்டும். கேட்கும்போது முகத்தைப் பார்க்கக் கூடாது. அவ்வளவு தூரம் போக மனம் வராதவருக்குக் கடன் இல்லை. எத்தனை பேர் அந்தப் படலையோடு கேளாமலே திரும்பியிருப்பார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. திரும்பியவர்கள் எங்கள் கணக்கில் வருவதில்லை.

எண்பத்து மூன்றின் கடைசியில் தலைமையகத்திலிருந்து ஒரு சுற்றுநிருபம் வந்தது. ஒழுங்காகக் கடன் கட்டிய பழைய வாடிக்கையாளர்களுக்கு, அவர்கள் விண்ணப்பிக்காமலே, புதுக் கடன் அங்கீகரிக்கப்பட்டிருக்கிறது. பெயர்ப் பட்டியல் தயார். கடிதங்கள் தயார். கிளை செய்ய வேண்டியது கடிதங்களை அனுப்பி, வருபவர்களிடம் கையெழுத்து வாங்கிப் பணத்தைக் கொடுப்பது மட்டும்தான். வாடிக்கையாளரைக் காத்திருக்க வைக்கக் கூடாது என்று அடிக்கோடு போட்டு எழுதியிருந்தது. எத்தனை பேர் ஏற்றுக்கொண்டார்கள் என்று வாரா வாரம் அறிவிக்க வேண்டும். ஏற்காதவர்களிடம் காரணம் கேட்டு எழுத வேண்டும். கடன் வேண்டாம் என்பதற்கு ஒரு மனிதன் காரணம் சொல்ல வேண்டுமென்று நான் அதற்கு முன் கேள்விப்பட்டதில்லை.

கடிதத்தின் முன்பக்கம் முழுக்கப் பாராட்டு. "தங்களது நாணயமான கொடுக்கல் வாங்கலைக் கௌரவித்து" என்று தொடங்கும். பின்பக்கத்தில், சிறிய எழுத்தில், கடைசிக்கு முதல் வரி: முன்னைய பிணை இக்கடனுக்கும் தொடர்ந்து செல்லுபடியாகும்.

நான் பழைய பத்திரங்களை எடுத்துப் பார்த்தேன். உண்மைதான். "இக்கடனுக்கும் இதன் பின் வழங்கப்படும் கடன்களுக்கும்" என்று ஒரு வாசகம் எப்போதும் அதில் இருந்திருக்கிறது. அதை யாரும் வாசித்ததில்லை. கையெழுத்து வாங்கிய நானும் வாசித்ததில்லை.

முகாமையாளரிடம் காட்டினேன். அவர் தலைமையகத்துக்கு எழுதினார். சுற்றுநிருபத்தின்படி நடக்கவும் என்று ஒரு வரியில் மறுமொழி வந்தது. அவர் அதை இரண்டு தரம் வாசித்தார். குரல் இறங்கியது.

"பிணையாளிமாருக்கும் ஒவ்வொரு கடிதம் போடும். இன்னாருக்கு இவ்வளவு கடன் குடுக்கப் போறம், உங்கடை பிணை தொடருது, விருப்பமில்லாட்டி வந்து சொல்லுங்கோ எண்டு. இது என்ரை பொறுப்பு. கையாலை எழுதும். அச்சடிச்சால் வாசிக்க மாட்டினம்."

நாற்பத்து மூன்று கடிதங்கள் எழுதினேன். நாற்பத்திரண்டு போயின.

கடிதங்கள் ஊருக்குள் போனதும் கிளைக்குள் இருக்க முடியவில்லை. கிடைத்தவர்கள் சட்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். கிடைக்காதவர்கள் சண்டைக்கு வந்தார்கள். "அவனுக்கு வந்திருக்கு, எனக்கேன் வரேல்லை? நான் என்ன கள்ளனோ?" என்று ஒருவர் என் மேசையில் அடித்தார். உங்களுக்குக் கடன் தேவையா என்று கேட்டேன். "தேவையில்லை. ஆனால் ஏன் வரேல்லை எண்டு சொல்லும்," என்றார்.

கணபதிப்பிள்ளை வந்தது அந்தக் கிழமைதான். எங்கள் கிளையிலிருந்து மூன்று மைல் தள்ளி, அளவெட்டிப் பக்கத்தில் தோட்டம். கவனமான மனிதர். கடிதத்தைச் சொப்பிங் பையில் சுற்றி, அதற்கு மேல் ஒரு துவாயும் சுற்றிக் கொண்டுவந்தார். பதினையாயிரம் ரூபா அவருக்கு அங்கீகரிக்கப்பட்டிருந்தது.

"எடுக்கட்டோ, விடட்டோ, தங்கச்சி?"

"உங்களுக்கு என்ன தேவை இருக்கு அண்ணை?"

"தேவை எண்டு ஒண்டும் இல்லை. வந்திருக்கே எண்டு பாக்கிறன்."

அன்று போய்விட்டார். நாலு நாள் கழித்துத் திரும்ப வந்தார். இப்போது தேவை இருந்தது. கடிதம் வந்த பிறகு உண்டான தேவை. சொந்தமாக ஓர் இறைப்பு மெசின் வாங்கலாம். இதுவரை வாடகை மெசின்தான். அவருடைய மச்சான் நல்லதம்பியும் அவரும் ஒரு பங்குக் கிணற்றில் ஒருநாள் விட்டு ஒருநாள் முறை வைத்து இறைக்கிறவர்கள். சொந்த மெசின் இருந்தால் நினைத்த நேரம் இறைக்கலாம்.

"எடுக்கட்டோ, விடட்டோ?" என்று திரும்பவும் கேட்டார்.

இந்த இடத்தில் நான் என்ன சொன்னேன் என்பதை மாற்றாமல் எழுதுகிறேன். அந்த வாரத்து அறிக்கையில் ஏற்றவர் தொகை குறைவாக இருந்தது. வீட்டில் வதனிக்கு அம்மாள் வருத்தம், உடம்பு முழுக்கக் கொப்புளம். நான் நேரத்தோடு போக வேண்டும். அவர் இன்னொரு தரம் யோசித்துவிட்டு வந்தால் இன்னொரு தரம் அதே கதையைக் கேட்க வேண்டும்.

"உங்களை நம்பித்தானே அண்ணை தந்திருக்கினம். வந்ததை ஏன் விடுறியள்?" என்றேன்.

மூன்றாம் முறை வந்து கையெழுத்து வைத்தார். பணம் வாங்க எழும்பவில்லை.

"பிணையாளிக்குக் கடிதம் போகுதாமே?"

"ஓம். உங்கடை மச்சான்தானே, நல்லதம்பி அண்ணை. முந்தி வந்து கையெழுத்து வைச்சவர்."

"அது முந்தி." குரலைத் தாழ்த்தினார். "இப்ப எனக்கும் அவனுக்கும் கதை இல்லை. தண்ணி முறையிலை வந்த கொழுவல். கடிதத்தைக் கண்டால் என்ரை மனுசியைப் பேசுவான், அவன்ரை தங்கச்சி எல்லே. வீட்டுக்குள்ளை பெரிய சண்டை வரும். அதை அனுப்பாமல் விடுங்கோ. நான் ஒரு தவணை தவறாமல் கட்டிப் போடுவன். அவனுக்கு ஏன் தெரிய வேணும்?"

குடும்பத்துக்குள் கொழுவல் என்றால் நாங்கள் எல்லோரும் ஒரே மாதிரித்தான் நடக்கிறோம். விலகி நிற்போம். ஒரு பக்கத்துக் கதையை மறுபக்கத்துக்குக் கொண்டுபோகாமல் இருப்பதைப் பெருந்தன்மை என்று நினைப்போம். நானும் அப்படித்தான் நினைத்தேன். எழுதி, முகவரியிட்டு, முத்திரையும் ஒட்டி வைத்திருந்த நாற்பத்து மூன்றாவது கடிதத்தை மேசை இழுப்பறைக்குள் வைத்தேன். முகாமையாளர் எல்லாம் போனதா என்று கேட்டார். போனது என்றேன்.

சிறுபோகத்தில் மெசின் வந்தது. வாடகை மெசினைவிடப் பெரியது. கணபதிப்பிள்ளை தன் முறை நாளில் கிணற்றை அடி காணும் வரை இறைத்தார். சில நாள் மச்சானின் முறையிலும் அவர் வர முதலே விடியற்புற வெள்ளாப்போடு வந்து இறைத்தார் என்றும் பிறகு கேள்விப்பட்டேன். எங்கள் மண்ணில் கிணற்றை அளவுக்கு மேல் இறைத்தால் கீழிருந்து உவர் ஏறும். அந்தக் கிணறும் உவர்த்தது. நல்லதம்பியின் வெங்காயம் நுனி கருகிப் படுத்தது.

கணபதிப்பிள்ளையின் வெங்காயம் நன்றாக விளைந்தது. விளைந்து என்ன? கிண்டும் நேரம் பார்த்துப் பாதை மூடித் தெற்கே லொறி போகவில்லை. சுன்னாகம் சந்தையில் பிடி பிடியாகக் குவிந்து கிடந்ததை வாங்க ஆளில்லை. வீட்டில் கட்டித் தொங்கவிட்டது அழுகி ஒழுகியது. அந்தக் கவலையோடு நெருப்புக் காய்ச்சலும் வந்து மனிதர் இரண்டு மாதம் படுக்கையில் விழுந்தார். மூன்று தவணை தவறியது.

மூன்று தவணை தவறினால் பிணையாளிக்கு அறிவித்தல் தானாகவே தலைமையகத்திலிருந்து போகும். அதை யாரும் எழுதத் தேவையில்லை, முத்திரை ஒட்டத் தேவையில்லை, இழுப்பறைக்குள் வைக்கவும் முடியாது.

நல்லதம்பி ஒரு திங்கட்கிழமை காலையில் வந்தார். கட்டையான மனிதர், கதை குறைவு. வரிசையில் நின்றார். முறை வந்ததும் அறிவித்தலை நீட்டினார். நான் அவரை முகாமையாளரின் அறைக்குக் கூட்டிப் போனேன்.

"ஐயா, இது எனக்கு வந்த கடிதமோ? நான் பத்துச் சதம் எடுக்கேல்லை."

முகாமையாளர் வாசித்தார். என்னைப் பார்த்தார். "மிசிஸ் நவரத்தினம், இவருக்கு எங்கடை கடிதம் எப்ப போனது?"

பேரேட்டைப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். தபாலில் தவறியிருக்கும் என்று சொல்லியிருக்கலாம். நான் என் மேசைக்குப் போய் இழுப்பறையைத் திறந்து, கடிதத்தைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தேன்.

"போகேல்லை சேர்."

அவர் உறையைத் திருப்பிப் பார்த்தார். முத்திரையைப் பார்த்தார். நான் அவரிடம் கேட்ட குரல்களில் அதுதான் மிகவும் இறங்கிய குரல்.

"இரும்," என்று கடன் கேட்பவர்களின் கதிரையைக் காட்டினார். நல்லதம்பி பிணையாளியின் கதிரையில் ஏற்கெனவே இருந்தார். முகாமையாளர் கடிதத்தை எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்து, கண்ணாடிக் குண்டை அதன் மேல் வைத்தார். "நீங்கள் ரெண்டு பேரும் கதையுங்கோ. நான் ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வாறன்."

கதவு சாத்தப்பட்டது.

எத்தனையோ பேரை உள்ளே விட்டு வெளியே இருந்து மணிக்கூட்டைப் பார்த்திருக்கிறேன். பத்து நிமிடம் உள்ளே எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

நல்லதம்பி உறையைக் கிழித்தார். அவர் பெயருக்கு வந்த கடிதம், கிழிக்க உரிமை இருந்தது. மெதுவாக வாசித்தார்.

"வடிவான எழுத்து," என்றார். பிறகு, "அவன் அனுப்ப வேண்டாம் எண்டவனோ?"

"ஓம் அண்ணை. உங்களுக்குத் தெரிஞ்சால் சண்டை கூடும் எண்டு..."

"கூடினால் என்ன? அது எங்கடை சண்டை." அவர் குரல் உயரவில்லை. "எங்கடை சண்டையை நீங்கள் ஏன் பிள்ளை மிச்சம் பிடிச்சனீங்கள்? இது வந்திருந்தால் நான் அடுத்த நாளே வந்து ஏலாது எண்டிருப்பன். அவனுக்கு மெசின் வந்திராது. கிணறு உவர்த்திராது. என்ரை தண்ணியை அள்ளுறதுக்கு நானே பிணை நிண்டிருக்கிறன், எனக்கே தெரியாமல்."

உறையில் இருந்த தன் முகவரியை விரலால் தொட்டுக் காட்டினார்.

"இஞ்சையிருந்து என்ரை வீடு எவ்வளவு தூரம்?"

"மூண்டு மைல்."

"நீங்கள் சைக்கிள் ஓடுவியளோ?"

"ஓம்."

"எவ்வளவு நேரம் பிடிக்கும்?"

"இருபது நிமிசம்."

தலையை ஆட்டினார். கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "உங்களுக்குப் பிள்ளையள் இருக்கினமோ?" என்று கேட்டார்.

"ரெண்டு பேர்."

"நல்லாய் இருக்கட்டும்."

ஏசியிருந்தால் ஏச்சோடு போயிருக்கும். பதினொரு வருடமாகிறது. பிள்ளைகளுக்குத் தடிமன் காய்ச்சல் வந்தாலும், பள்ளிக்கூடம் விட்டு வரப் பிந்தினாலும், வானத்தில் சத்தம் கேட்டாலும், அந்த "நல்லாய் இருக்கட்டும்" எனக்குக் கேட்கிறது. அவர் மனதாரச் சொன்னாரா, வேறு எதுவும் சொல்ல விரும்பாமல் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

முகாமையாளர் சரியாகப் பத்து நிமிடத்தில் திரும்பி வந்தார். இரண்டு கதிரையிலும் ஆட்கள் இருந்தோம்.

அவர் தலைமையகத்துக்கு எழுதினார். கிளையின் தவறு, பொறுப்பு என்னுடையது, பிணையாளியை விடுவிக்கவும் என்று தன் பெயரில் எழுதினார். என் பெயர் அதில் இல்லை. பிணைப் பத்திரத்தின் வாசகம் தெளிவானது என்று மறுமொழி வந்தது. மெசினை வங்கி எடுத்து ஏலம் போட்டது. ஏலத்துக்கு ஊரே வந்து நின்றது, ஆனால் ஒருவர்கூட விலை கேட்கவில்லை. மச்சான்மார் பிரிந்த மெசினை யார் தன் கிணற்றில் இறக்குவான்? அது எங்கள் கிளையின் பின்விறாந்தையில் கிடந்து துருப்பிடித்தது. என் யன்னலுக்கு நேரே. நான் ஓய்வு பெறும் நாளிலும் அங்கேதான் கிடந்தது.

பணத்தை நல்லதம்பிதான் கட்டினார். உவர்க் கிணற்றோடு, மூன்று வருடம், மாதம் முதலாம் திகதியில். மற்ற மேசைகளில் ஆள் இல்லாவிட்டாலும் என் மேசைக்கே வருவார். "வரவு வையுங்கோ," என்பார். வேறு ஒரு சொல்லும் இல்லை. கணபதிப்பிள்ளை எழும்பி நடமாடத் தொடங்கியதும் பணத்தோடு மச்சான் வீட்டுப் படலை வரை போனாராம். உள்ளே கூப்பிடவில்லை. நல்லதம்பியின் மகளுக்குக் கலியாணம் நடந்தது, அடுத்த வளவில் இருந்த சொந்த மாமிக்குச் சொல்லவில்லை.

இவ்வளவும் என் மகனுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் பிணை தேவையில்லை, அதுதான் விசேஷம் என்று எழுதியிருப்பானா? எழுதியிருப்பான். அவன் அவசரம் அவனுக்கு.

மறுமொழிக் கடிதம் வெள்ளிக்கிழமை கொழும்புக்குப் போகும் ஒருவரிடம் கொடுக்க வேண்டும். நாலு நாளில் மூன்று கடிதம் எழுதினேன். முதலாவதில், கையெழுத்து வைக்காதே, ஒரு சதமும் எடுக்காதே என்று எழுதினேன். அன்று பின்னேரம் பலாலி முகாம் பக்கம் ஷெல் சத்தம் கேட்டது. வதனி ரியூசனால் வரப் பிந்தினாள். வந்த பிறகு, எடு, எவ்வளவு வட்டியென்றாலும் எடு, தங்கச்சியைக் கூப்பிடு என்று இரண்டாவதை எழுதினேன். மூன்றாவதில் இரண்டையும் எழுதினேன். அதை வாசித்தால் அவன் என்னை ஆசுப்பத்திரிக்குக் கூட்டிப் போகச் சொல்லி யாருக்காவது எழுதுவான்.

வியாழக்கிழமை காலை, நான் மேசையில் எழுதுவதும் கிழிப்பதுமாக இருப்பதைப் பார்த்து வதனி வந்து நின்றாள்.

"அண்ணைக்குத்தானே எழுதுறியள்?"

"ஓம்."

"அவர் என்ன எழுதியிருந்தவர்?"

"ஒண்டுமில்லை. சுகமாம்."

"சுகமாம் எண்டதுக்கோ நாலு நாளாய் மறுமொழி எழுதுறியள்? என்னைக் கூப்பிடுறதைப் பற்றித்தானே. கடிதம் எங்கை அம்மா?"

அலுமாரிக்குள் இருந்தது. என் சேலைகளுக்குக் கீழே. அவளுக்குத் தெரிந்தால் யோசிப்பாள், அழுவாள், போகமாட்டேன் என்பாள், வீட்டுக்குள் சண்டை வரும் என்று நான்தான் அங்கே வைத்திருந்தேன். அலுமாரியைத் திறந்து அதைக் கையில் எடுத்தேன். இழுப்பறைக்குள் வைத்தவளும் நான்தான், அலுமாரிக்குள் வைத்தவளும் நான்தான். பதினொரு வருடத்தில் படித்தது அவ்வளவுதான்.

மேசையில் கடிதத்தை விரித்தேன். பக்கத்தில் ஒரு வெள்ளைக் கடதாசியும் பேனையும் வைத்தேன். கதிரையை இழுத்துவிட்டேன்.

"இரு. வாசி. என்ன எழுத வேணுமோ நீ எழுது. நான் வெளியிலை நிக்கிறன்."

"ஏன் வெளியிலை?"

"பத்து நிமிசம்."

கதவைச் சாத்திவிட்டுக் கிணற்றடிக்குப் போனேன். சுவர் மணிக்கூட்டுக்குப் பற்றரி இல்லாமல் ஒரு வருடத்துக்கு மேல். கணவருடைய பழைய கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக் கையில் வைத்திருந்தேன். தேநீர் குடிக்கப் போக எதிரே கடை இல்லை. கைலாயபிள்ளை அந்தக் கடையில் உண்மையில் தேநீர்தான் குடித்தாரா என்று முதல்முறையாக எனக்குச் சந்தேகம் வந்தது.

திரும்பி வந்து கதவைத் திறந்தேன். கதிரையில் இருந்தாள். அழவில்லை. கடதாசியில் ஐந்தாறு வரிதான் எழுதியிருந்தாள்.

"அண்ணை, அம்மா உங்கடை கடிதத்தை எனக்கு இண்டைக்குத்தான் காட்டினவ. இது என்னைக் கூப்பிட எடுக்கிற கடன் எண்டால் என்னையும் கேக்க வேணும். உங்களுக்கு ஏதும் வருத்தம் வந்து வேலைக்குப் போகேலாமல் கிடந்தால் அந்தக் காசை ஆர் கட்டுறது? அதுக்கு அந்தக் கடதாசியிலை என்ன எழுதியிருக்கு எண்டு பின்பக்கத்தையும் வாசிச்சு எனக்கு எழுதுங்கோ. நான் கட்ட வேணும் எண்டால் எவ்வளவு மாசம், எவ்வளவு காசு எண்டும் எழுதுங்கோ. அதுக்குப் பிறகு நான் வாறனோ இல்லையோ எண்டு சொல்லுறன். அதுவரைக்கும் கையெழுத்து வைக்காதேங்கோ."

"இதை ஆர் உனக்குச் சொல்லித் தந்தது?" என்று கேட்டேன்.

"ஆர் சொல்ல வேணும்? அவர் ஒரு ஆள் உழைக்கிறார். படுத்தால் கேக்க மாட்டினமோ?"

"மாசக் கடைசிக்கிடையிலை மறுமொழி வராட்டி அந்த வங்கி வேறை ஆருக்கும் குடுத்திடுமாம்."

"குடுக்கட்டும். கேளாமல் தந்தவை, கேட்டால் தர மாட்டினமோ?"

என் மூன்று கடிதங்களும் அடுப்புக்குப் போயின. அவளுடையதை உறையில் வைத்து ஒட்டினேன். கொழும்புக்குப் போகிறவரின் வீடு அளவெட்டிப் பக்கம். நாளைக்கு இந்தப் பக்கத்தால் போகும் யாரிடமாவது கொடுத்துவிடலாம்தானே என்று வதனி சொன்னாள். நான் சைக்கிளை எடுத்தேன்.

இருபது நிமிடம் பிடித்தது.